இடைவேளையில் நான் சொன்னது

நவம்பர் 12, திங்கள்

காலை ஓய்வூதிய அலுவலகத்தில் உயிர்ச்சான்று கொடுத்தேன். என் விரல் ரேகையை இயந்திரம் மூன்று முறை ஏற்கவில்லை. நான்காம் முறை ஏற்றது. அதுவரை நான் உயிரோடிருப்பதில் எனக்கே சிறு சந்தேகம் இருந்தது.

மதியம் கால்பந்து கிளப்பின் மேலாளர் பிரபாவதி போனில் கூப்பிட்டார். ஜப்பானிலிருந்து ஒரு நடுக்கள வீரரை எடுத்திருக்கிறார்களாம். ஆங்கிலம் பத்துச் சொல்தான் வருமாம். சீசன் முடியும் பிப்ரவரி வரை கூடவே இருந்து மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். அம்பத்தூர் பம்ப் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் ஜப்பானிய அதிகாரிகளுக்கு மொழிபெயர்த்தவன் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன்.

"பந்தை நாங்க பார்த்துக்கறோம் சார். நீங்க பேச்சை மட்டும் பார்த்துக்குங்க."

மறுக்கத் தெரியாமல் சரி என்றேன். வேதநாயகியிடம் சொன்னபோது, "எழுபத்தோரு வயசுல அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓடப் போறீங்களா?" என்று சிரித்தாள். என் மனைவி எதற்கும் ஒருமுறை சிரித்த பிறகுதான் சம்மதிப்பாள்.

நவம்பர் 15, வியாழன்

அவர் பெயர் கோஹெய் நிஷிவாகி. வயது முப்பத்தாறு. ஒல்லி. முன்தலையில் நரை. குனிந்து வணங்கினார், நானும் குனிந்தேன். நான் நிமிர்ந்தபோது அவர் இன்னும் குனிந்திருந்ததால் மறுபடி குனிந்தேன்.

பயிற்சியாளர் தேவசகாயம் வியாசர்பாடிக்காரர். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். "இன்னா சார், ரெண்டு பேரும் கீழ எதுனா தேடினுகீறீங்களா?" என்றார்.

பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று நிஷிவாகி கேட்டார். உங்கள் பணிவைப் பாராட்டுகிறார் என்று ஜப்பானியத்தில் சொன்னேன். நிஷிவாகி இன்னொரு முறை குனிந்தார். தேவசகாயத்துக்குச் சிரிப்பு. இருவருக்கும் திருப்தி.

பூவராகன் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'பூவா சான்' என்கிறார். சான் என்பது நம் 'அவர்கள்' போல ஒரு மரியாதை.

நவம்பர் 22, வியாழன்

ரத்த அழுத்தம் 142/88. தண்ணீர் லாரி வரவில்லை.

இன்று பயிற்சியில் நிஷிவாகி பொறுமை இழந்தார். நம் ஆட்டக்காரர்கள் பஸ்ஸைத் துரத்துகிற கூட்டம் போல எல்லாரும் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள், யாரும் தன் இடத்தில் நிற்பதில்லை என்றார். அதை, 'இடைவெளியைக் கொஞ்சம் கவனித்தால் இன்னும் சிறப்பாக இருக்கும் என்கிறார்' என்று தேவசகாயத்திடம் சொன்னேன். அவர் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதை, 'உங்கள் யோசனைக்கு நன்றி என்கிறார்' என்று நிஷிவாகியிடம் சொன்னேன்.

தொழிற்சாலையிலும் இப்படித்தான். ஒசாகாவிலிருந்து வந்த அதிகாரி ஒரு பம்பைக் காட்டி இது குப்பை என்பார். 'இதை இன்னும் மேம்படுத்தலாம் என்று ஐயா விரும்புகிறார்' என்பேன். தொழிற்சங்கத் தலைவர் மேசையைத் தட்டுவார். 'தொழிலாளர்கள் சற்றுக் கவலையோடு இருக்கிறார்கள்' என்பேன். என் முப்பத்திரண்டு வருடத்தில் அங்கே ஒரு வேலைநிறுத்தமும் நடக்கவில்லை. பிரிவுபசார விழாவில் அதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள். மற்றபடி என்னிடம் பெரிய திறமை என்று எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

பாடி சந்திப்பில் கார் நாற்பது நிமிடம் நகரவில்லை. நிஷிவாகி தன் கதையைச் சொன்னார். கேட்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் ஜப்பானில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் சேர்ந்தார். முதல் வருடம் முழுக்க ஆடியது ஏழு நிமிடம். அதே அணியில் பதினொரு வருடம். முந்நூறு ஆட்டங்களுக்கு மேல். அடித்த கோல் பதினான்கு. இருபத்தொன்பது வயதில் ஒருமுறை தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று நாள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு பாங்காக், சிங்கப்பூர், கொல்கத்தா, இப்போது சென்னை.

உங்கள் வேலை மைதானத்தில் சரியாக என்ன என்று கேட்டேன். நம் ஆள் ஒருவன் இடம் தவறிவிட்டால் அங்கே போய் நிற்பது, எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவது என்றார். "பேப்பரில் பெயர் வராத வேலை, பூவா சான்."

அவர் ஊர் நீகாதாவுக்கு வடக்கே ஒரு சிறு துறைமுகம். அப்பா படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். கடையை மூடிவிட்டு வெளியூர் போகாத மனிதர். அதனால் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு மகன் ஆடி நேரில் பார்த்ததில்லை. இப்போது அந்த ஊர் அணியே மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்திருக்கிறது. மார்ச்சில் வந்து ஒரு வருடம் ஆடு, அதன் பிறகு இங்கேயே சிறுவர் அணிக்குப் பயிற்சியாளராக இரு என்று சொல்லியிருக்கிறார்களாம். மைதானம் அப்பாவின் கடையிலிருந்து நடந்துபோகிற தூரம்.

அதைச் சொல்லும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒரு குப்பை லாரிதான் இருந்தது.

டிசம்பர் 9, ஞாயிறு

சிலிண்டர் வந்தது. 2–0. வெற்றி.

டிசம்பர் 23, ஞாயிறு

வேதநாயகி எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். நிஷிவாகி டப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திறந்தார். இதைச் சொன்னதும், "நீங்க ஒரு நாளாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அவர் படியேறும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கேட்டேன். பழைய வலி என்றார்.

ஜனவரி 6, ஞாயிறு

அணியின் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா, நாகர்கோவில் பெண், நிஷிவாகியின் முழங்காலை மடக்கிப் பார்த்தாள். உள்ளே குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இந்த வாரம் ஆடலாம், சீசன் முடிந்ததும் ஸ்கேன் எடுக்கணும், வலி கூடினால் உடனே நிறுத்தணும் என்றாள். இதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவரும் தலையாட்டினார். வலி கூடினால் உடனே சொல்வேன் என்றார். அதையும் அப்படியே அவளிடம் சொன்னேன்.

ஜனவரி 12, சனி

முக்கியமான ஆட்டம். ஜெயித்தால் முதல் நான்கு அணிகளில் இடம். இடைவேளையில் 1–1. முழங்கால் பற்றி நிஷிவாகி சொன்னார். பயிற்சியாளரிடம் சொன்னேன். தொடர்ந்து ஆடினார். எழுபத்தோராம் நிமிடத்தில் யாரும் இடிக்காமலே கீழே விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஆட்டம் 2–1, நமக்கு வெற்றி.

மருத்துவமனையில் கூட இருந்தேன். உள்ளே இரண்டு தசைநார்கள் அறுந்து, குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறதாம். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் ஜப்பானியத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இனி ஆட முடியாது என்பதற்குச் சொல் தேடினேன். நான் தேடுவதைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். சாப்பிட முடியவில்லை. வாயு என்று சொன்னேன்.

ஜனவரி 16, புதன்

12ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம்.

'பயிற்சியாளரிடம் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறேன். சொன்னேன், பொய்யில்லை. ஆனால் நிஷிவாகி சொன்னது, 'முழங்காலின் உள்ளே ஏதோ கழன்றுவிட்டது' என்று. நான் சொன்னது, 'முட்டி கொஞ்சம் இறுக்கமா இருக்காம் சார்' என்று. இதைப் பதிவு செய்துவைப்பது நல்லது என்று படுகிறது. சொற்தேர்வு சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த அறையில் அவ்வளவு சத்தம்.

கறிகாய் வாங்கினேன். கத்தரிக்காய் சொத்தை.

ஜனவரி 19, சனி

அறுவை சிகிச்சை முடிந்தது. மாலையில் தேவசகாயம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலருகே நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏன்ப்பா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இவ்ளோ வலின்னு தெரிஞ்சிருந்தா நா உன்ன உள்ள வுட்டுருப்பேனா? சார், கேளுங்க சார் அவுர, ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேளுங்க."

நிஷிவாகி என்னைப் பார்த்தார்.

'பயிற்சியாளர் மிகவும் வருத்தப்படுகிறார். சீக்கிரம் குணமாக வேண்டும் என்கிறார்' என்று சொன்னேன்.

நிஷிவாகி நன்றி சொன்னார். "இன்னா சார் சொல்றாரு?" என்று தேவசகாயம் கேட்டார். 'நன்றி சொல்றார்' என்றேன். தேவசகாயத்துக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 24, வியாழன்

இன்னொரு திருத்தம்.

இடைவேளையில் நிஷிவாகி சொன்னது ஒரு வாக்கியம் அல்ல, மூன்று. 'உள்ளே ஏதோ கழன்றுவிட்டது. இனி ஆடினால் கால் முடிந்துவிடும். என்னை மாற்றிவிடும்படி தயவுசெய்து சொல்லுங்கள்.' இரண்டாவதையும் மூன்றாவதையும் நான் சொல்லவில்லை. 'நீங்க பார்த்து முடிவு பண்ணுங்கன்னு சொல்றார்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

காரணம் எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

கிளப் கொடுத்த குடியிருப்பில் நிஷிவாகி ஊன்றுகோலோடு நடக்கப் பழகுகிறார். ஜெசிந்தா தினமும் வந்து காலை மடக்கி நீட்டிவிடுகிறாள். இன்று நான் போனபோது இருவரும் ஒரு கைப்பேசியை மாற்றி மாற்றி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தமிழில் சொன்னால் அது ஜப்பானியத்தில் பேசுகிறது. அவர் ஜப்பானியத்தில் சொன்னால் தமிழில் பேசுகிறது. தமிழ் கொஞ்சம் கோணல்தான். ஆனால் சேர்ப்பதும் இல்லை, விடுவதும் இல்லை.

புறப்படும்போது அவள் படிக்கட்டு வரை வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடாதீங்க. அன்னைக்கு நான் கோல்கீப்பருக்குத் தலையில தையல் போட்டுட்டு நின்னேன், ஒண்ணும் கேக்கல. கடைசியில கோச் சொன்னாருன்னு வந்து கட்டு சுத்தினேன். ஓகேயான்னு கேட்டேன், அவரும் ஓகேன்னாரு. இப்ப என்கிட்ட சொல்லுதாரு, அவரு வெளிய எடுக்கச் சொன்னாராம். எல்லாம் தெரிஞ்சும் கோச்தான் ஆடச் சொல்லிக் கேட்டாருன்னு நெனச்சாராம். கோச் அப்படிக் கேக்கவே இல்லன்னு நான் சொல்லிட்டேன். நான் சொன்னது சரிதானே சார்?"

எனக்கு பஸ் வந்துவிட்டது என்றேன். அந்தத் தெருவில் பஸ் வராது.

பிப்ரவரி 5, செவ்வாய்

நிஷிவாகிக்குத் தெரியும். இன்று போனேன். எப்போதும் போல் குனிந்து வணங்கினார். எப்போதும் போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். நிச்சயமில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

லீக்கிலிருந்து கிளப்புக்குக் கடிதம். காயம்பட்ட வீரர் இரண்டாம் பாதியில் எப்படி ஆடவிடப்பட்டார் என்று விசாரணை. 18ஆம் தேதி. நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று பிரபாவதி சொன்னார்.

நிஷிவாகியிடமும் ஒரு கடிதம் இருந்தது. ஊர் அணியிலிருந்து. எனக்குக் காட்டினார். ஆட முடியாமல் போனது வருத்தம், ஆனால் சிறுவர் அணிப் பயிற்சியாளர் இடம் அப்படியே இருக்கிறது, வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அறிய விரும்புகிறார்களாம்: காயத்தை மறைத்து ஆடினீர்களா? சிறுவர்களை ஒப்படைக்கிற இடம் என்பதால் கேட்கிறோம். லீக்கின் அறிக்கை வந்ததும் முடிவு செய்வோம்.

படித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "நல்ல கடிதம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

வேதநாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். மூன்றாவது திருத்தத்தை அவளிடம்தான் முதலில் சொன்னேன்; இங்கே இப்போது எழுதுகிறேன்.

இடைவேளையில் தேவசகாயம் தண்ணீர் பாட்டிலைச் சுவரில் அடித்தார். அது என் காதருகே பட்டுச் சிதறியது. 'இறுக்கம்' என்று சொன்னதும் அவர், "இறுக்கம்லாம் எல்லாத்துக்கும் தான் கீது. கட்டு ஒண்ணு சுத்தச் சொல்லு சார், ஆட முடியுமா கேளு" என்றார். அதைக் கேட்டிருந்தால்கூடப் போதும். முடியாது என்று நிஷிவாகி சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. 'உங்கள் நிலையைப் பயிற்சியாளர் முழுதாகப் புரிந்துகொண்டார். அப்படியிருந்தும், தயவுசெய்து தொடர்ந்து ஆடும்படி உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறார்' என்றேன். முழுக்க என் சொந்தச் சரக்கு. முடியாது என்று அவர் சொல்லி, அதை நான் அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். நிஷிவாகி ஒரு கணம் தேவசகாயத்தைப் பார்த்தார். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நிஷிவாகி எழுந்து அவருக்கு வணங்கிவிட்டுப் போனார்.

வேதநாயகி கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ உங்க அம்மா என்ன சொன்னாங்க, ஞாபகமிருக்கா? பொண்ணு கருப்புன்னு சொன்னாங்க. நீங்க வந்து, அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னீங்க. கல்யாணத்துக்கப்புறம் பத்து வருஷம் நான் பட்டேன்."

"அது வேற விஷயம்."

"வேற இல்லீங்க. உங்களுக்கு அந்த நேரம் அந்த இடத்துல சண்டை வரக்கூடாது. அப்புறம் யாரு பட்டாலும் சரி." எழுந்துவிட்டாள். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "திங்கக்கிழமை போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க."

பிப்ரவரி 17, ஞாயிறு

சொல்ல வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்தேன். ஆறு வாக்கியம். வேதநாயகி முன்னால் நின்று சொல்லிக் காட்டினேன். "சத்தமா" என்றாள். மறுபடி சொன்னேன்.

பிப்ரவரி 18, திங்கள்

கிளப் அலுவலகத்தின் மாடி அறை. பிரபாவதி, லீக் அனுப்பிய டாக்டர் ஒருவர், தேவசகாயம், நிஷிவாகி, நான்.

உட்கார்ந்ததுமே, "நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். பிரபாவதி, "முதல்ல அவர் பேசட்டும் சார். அப்புறம் உங்களைக் கேக்கறோம்" என்றார். சரி என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தேவசகாயம் முதலில் பேசினார். "மேடம், ஏசு சத்தியமா சொல்றேன். முட்டி இறுக்கமாகீதுன்னுதான் எங்கிட்ட வந்திச்சு. வேற ஒரு வார்த்தை வர்ல. வந்திருந்தா அப்பவே வெளிய எடுத்திருப்பேன். நானே முட்டி போய் உக்காந்தவன், எனக்குத் தெரியாதா அந்த வலி?"

அவர் சொன்னது உண்மை. அதை நிஷிவாகிக்கு மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் குறைக்காமல். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

டாக்டர் நிஷிவாகியைக் கேட்டார்: "இடைவேளையில் உங்கள் முழங்காலின் உண்மையான நிலை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால், சொன்னீர்களா?"

மொழிபெயர்த்தேன். மேசையின் கீழே என் கை நடுங்கியது. மேலே எடுத்து வைத்தால் நிற்கும் என்று நினைத்து எடுத்து வைத்தேன். நிற்கவில்லை. நிஷிவாகி என் கையைப் பார்த்தார். தேவசகாயத்தைப் பார்த்தார். பிறகு தன் ஊன்றுகோலைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

நான் தமிழில் சொன்னேன்:

"எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. இறுக்கமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். மறைத்தது என் தவறு. பயிற்சியாளர் மேல் தவறில்லை. மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதைச் சரியாகத்தான் சொன்னார்."

கிளப்பில் நான் செய்த வேலையிலேயே மிகத் துல்லியமான மொழிபெயர்ப்பு அதுதான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் விடவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டார். தேவசகாயம் பெருமூச்சு விட்டு, "ஏன்ப்பா?" என்று மட்டும் கேட்டார். பிரபாவதி என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதோ சொல்லணும்னீங்களே சார்?"

ஆறு வாக்கியமும் நினைவில் இருந்தன. ஒன்றும் மறக்கவில்லை. மறந்துவிட்டது என்று எழுதினால் அதற்கும் ஒரு நாள் திருத்தம் எழுத வேண்டிவரும்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

நிஷிவாகி கையெழுத்துப் போட்டார். கீழே 'மொழிபெயர்த்தவர்' என்ற இடத்தில் நான் போட்டேன். வெளியே வரும்போது டாக்டர் என் தோளைத் தட்டி, "ரொம்பத் தெளிவா சொன்னீங்க" என்றார்.

பிப்ரவரி 19, செவ்வாய்

ரத்த அழுத்தம் 168/100. வேதநாயகி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாதத்தை முன்னால் வைத்தாள்.

பிப்ரவரி 22, வெள்ளி

மதியம் நிஷிவாகி புறப்பட்டார். பெட்டியைக் கீழே இறக்கக் காவலாளி வந்தார். அந்த இரண்டு நிமிடம் நாங்கள் மட்டும் இருந்தோம். மன்னியுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"அங்கே இன்னும் பனி பெய்கிறதாம், பூவா சான். முழங்காலுக்குக் குளிர் ஆகாது என்கிறார்கள்" என்றார்.

ஆமாம், கம்பளி உறை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேச்சை மாற்றியது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது தாங்க முடியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

பிரபாவதியைப் பார்த்து எழுதிக் கொண்டுபோனதைக் கொடுத்தேன். இரண்டு பக்கம். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"ஏன் சார் இப்போ?"

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

"அறிக்கை போயாச்சு. வீரர் காயத்தை மறைத்தார்னு முடிச்சு அனுப்பியாச்சு. அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். இதை நான் மேல அனுப்பினா, அவர் விசாரணையில பொய் சொன்னார்னுதான் அடுத்த கேள்வி வரும். அதுக்கு என்ன சொல்வீங்க? உங்களுக்காகத்தான் சொன்னார்னு சொல்வீங்களா?"

காகிதத்தை என்னிடமே நீட்டினார். கோபமாகக்கூட இல்லை. "அன்னைக்கு நான் கேட்டேனே சார்" என்றார்.

மார்ச் 9 முதல் 14 வரை

நிஷிவாகியின் ஊர் அணிக்கு ஜப்பானியத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ஆறு நாள் பிடித்தது.

நான் கற்ற ஜப்பானியம் அலுவலக ஜப்பானியம். அதில் நேராகச் சொல்லவே எனக்கு வராது. 'தங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு வருந்துகிறேன். சிறு தவறு ஒன்று நேர்ந்திருக்கலாம் என்று எண்ணுகிறேன்' என்றுதான் கை தானாக எழுதியது. அடித்தேன். 'தவறான புரிதல் ஏற்பட்டது' என்று வந்தது. ஏற்படவில்லை, நான் ஏற்படுத்தினேன். அடித்தேன். ஐந்தாவது பிரதியில்தான் வந்தது: 'அவர் வெளியே எடுக்கச் சொன்னார். நான் அதைச் சொல்லவில்லை. பயிற்சியாளர் வேண்டிக் கேட்பதாகப் பொய் சொன்னேன். பயந்தேன். விசாரணையில் அவர் என்னைக் காப்பாற்றினார். நான் பேசாமல் இருந்தேன்.' பள்ளிப்பிள்ளை எழுதியது போல இருந்தது. அப்படியே விட்டேன். ஒரு பிரதி நிஷிவாகியின் வீட்டு முகவரிக்கும்.

வில்லிவாக்கம் தபால் நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண், உள்ளே பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கடிதம் மட்டும்தான் என்றேன்.

மார்ச் 30, சனி

எதுவும் வரவில்லை. மின்விசிறிகளைத் துடைத்தேன்.

ஏப்ரல் 17, புதன்

பதில் வந்தது. அணியிடமிருந்து அல்ல, நிஷிவாகியிடமிருந்து. ஒரு பக்கம். வேதநாயகி கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"படிங்க. அவர் எழுதினபடி படிங்க."

தமிழாக்கிப் படித்தேன். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

'பூவா சான் அவர்களுக்கு. உங்கள் கடிதத்தை அணியின் அலுவலகத்தில் எனக்குக் காட்டினார்கள். அது மார்ச் கடைசியில்தான் வந்தது. பயிற்சியாளர் இடத்தை மார்ச் முதல் வாரமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் நல்லவர், என்னைவிட இளையவர். உங்கள் கடிதத்தைப் படித்த தலைவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இடம் இல்லை. நான் இப்போது அப்பாவின் கடையில் இருக்கிறேன். மைதானத்தின் சத்தம் கடைக்குக் கேட்கும். சனிக்கிழமைகளில் அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறார்.

அன்று அந்த அறையில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் யோசிப்பீர்கள். உங்கள் கை நடுங்கியது. வயதானவர் ஒருவரை எல்லார் முன்னாலும் நிறுத்த என்னால் முடியவில்லை. அதோடு, நான் அப்படிச் சொன்னால் நீங்கள் இல்லை என்று சொல்வீர்கள் என்றும் நினைத்தேன்.'

இங்கே நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். வேதநாயகி காத்திருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு எழுதியிருக்காரா?" என்றாள்.

கடைசி இரண்டு வரிதான் பாக்கி. அவர் கையெழுத்து தெளிவானது. எனக்குத் தெரியாத சொல் ஒன்றும் அதில் இல்லை.

"'மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக முயன்றேன். வரவில்லை'ன்னு எழுதியிருக்கார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஏதாவது சேர்ப்பேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது. கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. இருந்தாலும் பிரித்து, கடைசி வரி எது என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன்.